தொலைவில் படிப்பவருக்கும் ஆசிரியர் உண்டு

பள்ளியிறுதி வகுப்பை எட்டிய பெண்ணைப் பார்த்து, "மேலே என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்காத உறவினர் இல்லை. மருத்துவம், பொறியியல், செவிலியர் பணி, ஆசிரியப் பணி என்று வரும் விடைகளும் நாம் அறிந்தவையே. தொலைநிலைக் கல்வியையும் கல்வித் தொழில்நுட்பத்தையும் ஆராய்ந்து, அத்துறையிலேயே பேராசிரியராக விளங்க விரும்புகிறேன் என்று சொன்ன பெண்ணை நாம் இதுவரை கண்டதில்லை. அப்படி ஒருத்தி சொன்னாலும், "தபால் படிப்புக்கு ஒரு ஆராய்ச்சியா?" என்ற ஏளனமே முதலில் எழும். அந்த ஏளனம் தகாது என்பதே நம் கருத்து.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது நம் பிள்ளைகள் அனைவருமே தொலைநிலை மாணவியராயினர். வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதற்கு அண்ணனும் தங்கையும் போட்டி. எப்படியோ பாடம் வந்து சேர்ந்தது. ஆனால் எழுதியதைப் படித்து, பிழை திருத்தி, "இந்த இடத்தை மீண்டும் பார்" என்று திருப்பி அனுப்பும் கை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. அந்தக் கையைப் பற்றிய துறைதான் நாம் இங்கே பேசுவது.

டோனி பேட்ஸ் என்ற ஆங்கிலேயரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். உளவியல் கற்ற இவர், 1969இல் இங்கிலாந்தில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவானபோதே அதில் சேர்ந்தார். முன்தகுதி எதுவும் கேட்காமல் மாணவரைச் சேர்த்த பல்கலைக்கழகம் அது. அதனைப் போராடி உருவாக்கிய அமைச்சர் ஜென்னி லீ, ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். 1971 ஜனவரியில் பாடங்கள் தொடங்கியபோது 20,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்திருந்தனர். பிபிசி தொலைக்காட்சியில் அதன் பாடங்கள் ஒளிபரப்பானதைத்தான் உலகம் வியந்து பேசியது. மாணவர்களோ பெரும்பாலான நேரத்தை அச்சிட்ட பாடநூல்களோடும், ஆசிரியருக்குத் தபாலில் அனுப்பிய கட்டுரைகளோடும் கழித்தார்கள்.

அந்த ஒளிபரப்புகளால் மாணவர் உண்மையில் என்ன கற்கிறார்கள் என்று கண்டறிவதே பேட்ஸின் வேலை. விவரணப் படமொன்றைக் காட்டினால் மாணவர் தாமே ஆராய்ந்து முடிவுக்கு வருவர் எனப் பேராசிரியர்கள் நம்பினார்கள். விரிவுரை கேட்டே பழகிய மாணவரில் பலர், படத்தைப் பார்த்துவிட்டு இதை என்ன செய்வது என்று விழித்தார்கள். எப்படிப் பார்ப்பது, எதைத் தேடுவது என்று வழிகாட்ட ஒருவர் வேண்டியிருந்தது. பின்னர் கனடா சென்று பணியாற்றிய பேட்ஸ், கற்பித்தலுக்குக் கருவியைத் தேர்ந்தெடுக்க ஏழு கேள்விகளை வகுத்தார். அந்தக் கருவி மாணவருக்கு எட்டுமா என்பது முதற்கேள்வி, செலவு இரண்டாவது. புதுமைக்கு அவர் தந்த இடம் ஆறாவது. புதிதாக எது வந்தாலும் வாங்கிவிடத் துடிக்கும் நம் காலத்துக்கு இந்த வரிசை ஒன்றே போதும் என்று தோன்றுகிறது.

கருவியே இல்லாத காலத்தையும் பார்ப்போம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1873இல் அன்னா எலியட் டிக்னர் என்ற பெண்மணி, வீட்டிலிருந்தே பெண்கள் கற்பதற்கென ஒரு சங்கம் நிறுவினார். கல்லூரிக் கதவு பெண்களுக்கு அரிதாகவே திறந்த நாட்கள் அவை. ஊதியம் பெறாத பெண்கள் பலர் தத்தம் மாணவியருக்கு மாதந்தோறும் கடிதம் எழுதி, படித்ததைப் பற்றி விசாரித்தார்கள். நூல்களும் தபாலிலேயே இரவலாகப் போய் வந்தன. எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தின் முதல் மாணவியான எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் அறிவியல் பிரிவை நடத்தினார். 24 ஆண்டுகளில் 7,000க்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே பயின்றனர். அஞ்சல் தலைதான் அன்றைய கல்வித் தொழில்நுட்பம்!

நம் நாட்டில் 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1975-76இல் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் சென்றது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் துணைவேந்தராக 1990 முதல் நான்காண்டுகள் இருந்தவர் நம் வா. செ. குழந்தைசாமி அவர்கள். நீரியல் வல்லுநர், குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதியவர். 2001இல் உலகெங்கும் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் அமைந்தபோது அதற்கும் அவரே தலைவரானார்.

பெற்றோரின் தயக்கம் முற்றிலும் வீண் என்று சொல்ல மாட்டோம். கட்டுக் கட்டாகக் குறிப்புகளை அனுப்பிவிட்டு, அதன்பின் கட்டணம் கேட்க மட்டும் கடிதம் எழுதும் நிறுவனங்கள் உண்டு. கைப்பேசிச் செயலி விற்போரிலும் அத்தகையோர் உளர். பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: என் மகள் எழுதுவதை யார் படிப்பார்? எத்தனை நாளில் பதில் வரும்? தெளிவான விடை கிடைக்காவிட்டால், அது எத்தனை அழகாகத் திரையில் மின்னினாலும் நம்ப வேண்டாம்.

1970களில் மைக்கேல் மூர் என்ற அறிஞர், கல்வியில் தொலைவு என்பது மைல் கணக்கன்று, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே எவ்வளவு உரையாடல் நடக்கிறது என்பதைப் பொறுத்தது என்று விளக்கினார். அறுபது பேர் அமர்ந்த வகுப்பில் ஓராண்டாக வாய் திறவாமல் கடைசி வரிசையில் இருக்கும் சிறுமியும் தொலைவில்தான் இருக்கிறாள். வகுப்பறை ஆசிரியைகளும் இத்துறையிடம் கற்க வேண்டியது நிறைய உண்டு.

இதில் ஈடுபட விரும்பும் மாணவி, முதலில் தனக்குப் பிடித்த பாடத்தில் நன்றாகப் பட்டம் பெறட்டும். பிறகு கல்வியியலும் உளவியலும் கற்கலாம். கணிப்பொறி அறிவும் வேண்டும். அதற்கு முன், திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பாடநூல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பாருங்கள். பாடத்தின் நடுவே சிறு கேள்விகள் இருக்கும். விடையெழுத வெற்றிடம் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க இறுதியில் விடையும் இருக்கும். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இரவு பத்து மணிக்கு அதைத் திறக்கும் ஒரு தாய் எந்த வரியில் தடுமாறுவாள் என்று, அவள் முகத்தையே பார்த்திராத ஒருவர் முன்கூட்டியே எண்ணி அமைத்த இடங்கள் அவை.