மாலை போட்டாச்சு, குளோரின் போட ஆள் எங்கே?

ஏற்காட்டில் மழை பெய்தால் சுற்றுலா வந்தவர்களுக்குக் கொண்டாட்டம். மலையூர்களில் குடிநீரைச் சுத்தம் பண்ணும் ஊழியருக்கோ திண்டாட்டம்! காலையில் தெளிவாக ஓடிய ஓடை, சாயங்காலம் செம்மண் குழம்பாகி விடும். படிகாரம் எவ்வளவு கூட்டுவது, மணல் வடிகட்டியை எப்போது கழுவுவது, எந்த வால்வை எத்தனை சுற்றுத் திருப்புவது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அதை எந்த நோட்டிலும் எழுதி வைப்பதில்லை.

அவர் ஓய்வு பெறுகிறார். மாலை, சால்வை, குரூப் போட்டோ. மறுநாள் காலையில் மோட்டாரைப் போடுவது யார்? "தற்காலிகமா ஒருத்தரைப் பார்த்துக்கச் சொல்லுங்க" என்பதுதான் வழக்கமான பதில்.

ஓய்வு திடீரென்று வருவதல்ல. வேலையில் சேர்ந்த அன்றே தேதி தெரியும். தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-லிருந்து 2020-ல் 59 ஆனது. 2021-ல் 60 ஆனது. அப்படி அவகாசம் கிடைத்தும் அடுத்த ஆளைத் தயார் செய்யாவிட்டால் அது யார் தப்பு?

7 உயிர் போன ஊர்

கூட நின்று பழகினால் போதும் என்பவர்கள் கனடாவின் வாக்கர்ட்டன் கதையைக் கேட்கட்டும். சுமார் 5 ஆயிரம் பேர் வாழும் சிறிய ஊர். 2000 மே மாதம் பெய்த கனமழையில் மாட்டுச் சாணக் கிருமி குடிநீர்க் கிணற்றில் இறங்கியது. 7 பேர் பலி! 2 ஆயிரத்து 300 பேருக்கு மேல் படுக்கையில் விழுந்தனர். குடிநீர்ப் பொறுப்பாளர்கள் பல வருட அனுபவசாலிகள்தான். ஆனால் முறையான பயிற்சி இல்லை. குளோரினை அளக்காமலே அளந்ததாகக் கணக்கு எழுதியது விசாரணையில் அம்பலமானது. அனுபவத்தோடு தப்பும் கைமாறும்!

சேலத்திலிருந்து ஆள் அனுப்பலாமே என்பார்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி அவர் வந்து சேர்வதற்குள் கலங்கிய தண்ணீர் வீட்டுக் குடத்துக்கு வந்துவிடும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே புது ஆளை நியமிக்கணும். ஒரு மழைக்காலமாவது இருவரும் சேர்ந்து வேலை பார்க்கணும். முறையான பயிற்சி தரணும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்கிறதா என்று தினமும் சோதித்து நோட்டில் எழுதணும்.

சம்பளத்தில் மிச்சம் பிடிக்கிறோம் என்று நாற்காலியைக் காலியாக வைத்தால், அந்தப் பணம் ஆஸ்பத்திரியில் செலவாகும். அதிகாரிகள் விழிப்பார்களா?