அண்ணையும் கொமிஷன்தான்

ஸ்காபரோவில வீடு வாங்கிறவையின்ர கேள்வி: பெரிய கொம்பனியோ, எங்கட ஊர் அண்ணையின்ர சின்னக் கொம்பனியோ?

கேள்வியே பிழை. 10 லட்சம் டொலர் வீட்டுக்கு 2.5 வீதக் கொமிஷன் 25,000. உங்களுக்காகப் பேரம் பேசி 50,000 குறைச்சால் ஏஜென்ட் பக்கத்துக்கு 1,250 நட்டம். பெயர்ப்பலகை பெரிசோ சின்னனோ, கணக்கு ஒண்டுதான். எழுத்தில் சம்மதம் வாங்கினால், விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் ஒரே ஏஜென்ட் நிற்க ஒன்ராறியோச் சட்டம் இடம் தருகிறது. பெரிய கொம்பனி அதைக் கையெழுத்தாக வாங்கும்; அண்ணை பாசத்தோட வாங்குவார்.

ஆகவே சொந்தம் பார்க்காமல் கேளுங்கோ: "நீங்கள் யார் பக்கம்?" பதிலை எழுத்தில வாங்குங்கோ. வீதம் வேண்டாம், நிலையான தொகை பேசுங்கோ. அம்மா அப்பா கையெழுத்து வைக்க முதல், ஒப்பந்தத்தை வரிவரியாய் நீங்களே வாசிச்சுச் சொல்லுங்கோ.