கிடார் கடிக்குமா பாஸ்?

இமை ரெண்டும் இட்லி மாதிரி வீங்கி, கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு காலேஜுக்கு வந்தான் நம்ம ஃப்ரெண்ட். திருவொற்றியூர் பையன், பி.காம் செகண்ட் இயர். "மச்சான் மெட்ராஸ் ஐ டா, கிட்ட வராதே"ன்னு பெஞ்சே காலி. மூணு நாள் சொட்டு மருந்து விட்டான். கண்ணு சரியாகலை. கழுத்துல ஒரு சிவப்புப் பட்டை இறங்குச்சு. அப்புறம் முழங்கை மடிப்புல பொடிப்பொடியா கொப்புளம். ராத்திரியில சொறிஞ்சு சொறிஞ்சு பெட்ஷீட்டெல்லாம் ரத்தப் பொட்டு.

வீட்ல என்ன சொல்லியிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க? "கம்பெனி காத்துடா!" அதுல தப்பு சொல்லவும் முடியாது. நம்ம எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் தோல் அரிச்சா முதல்ல சிம்னியைத்தான் பார்ப்போம். 2023 டிசம்பர் வெள்ளத்துல கொசஸ்தலை ஆத்துல எண்ணெய் மிதந்தப்போ, வலை போடப் போன மீனவர்களுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. அதே மாசக் கடைசியில நடுராத்திரி அமோனியா கசிஞ்சு, பெரியகுப்பம் ஜனங்க கண்ணெரிச்சலோட தெருவுக்கு ஓடி வந்தாங்க. இதையெல்லாம் பார்த்த ஊர் வேற எதை சந்தேகப்படும்?

ஆனா இவன் விஷயத்துல ஒரு சின்ன இடறல். செமஸ்டர் எக்ஸாம் சமயத்துல ரெண்டு வாரம் எல்லாம் சுத்தமா மறைஞ்சு போச்சு. அதே வீடு, அதே காத்து, அதே தண்ணி. எக்ஸாம் முடிஞ்சு, சாயங்காலம் பார்ட் டைம் வேலைக்குத் திரும்பப் போன ரெண்டாவது நாளே மறுபடியும் கழுத்துல பட்டை.

பார்ட் டைம் என்னன்னா, ராயபுரத்துல ஒரு அண்ணனோட கிடார் ரிப்பேர் கடை. சர்ச் கொயர் பசங்க, கானா ட்ரூப், கல்யாணக் கச்சேரி ஆளுங்கன்னு எல்லாரோட கிடாரும் அங்கேதான் வரும். தேய்ஞ்சுபோன ஃபிங்கர்போர்டைப் பேத்துட்டு புது ரோஸ்வுட் பலகை ஒட்டி, உப்புத்தாள் போட்டு இழைச்சு வழுவழுன்னு ஆக்கறதுதான் நம்மாளு வேலை. ஃபேனுக்குக் கீழே, பனியனோட, வேர்த்து விறுவிறுக்க. சாக்லேட் கலர் தூள் வேர்வையில ஒட்டி கழுத்து மடிப்புல பேஸ்ட் மாதிரி படிஞ்சிருக்கும். அதே கையால கண்ணைக் கசக்குவான். இப்ப உங்களுக்கே புரிஞ்சிருக்குமே!

ரோஸ்வுட்னா நம்ம ஊர் ஈட்டி மரம்தாங்க. தோதகத்தின்னும் சொல்வாங்க. "வைரம் பாய்ஞ்ச கட்டை"ன்னு பெரியவங்க சொல்றதைக் கேட்டிருப்பீங்க இல்லையா? வெளிப்பக்கம் இருக்கிற வெளிறை கரையான் சுலபமா தின்னும். உள்ளே இருக்கிற வைரத்தைத் தொட யோசிக்கும். காரணம், மரம் தன்னைக் காப்பாத்திக்க வைரத்துல சில ரசாயனங்களைச் சேர்த்து வைக்குது. ஈட்டி குடும்பத்து மரங்கள்ல இருக்கிற அந்தச் சரக்குக்கு டால்பெர்ஜியோன்னு பேர். தேக்குல லபச்சால், டிஆக்ஸிலபச்சால்னு ரெண்டு பேர் இருக்காங்க. கரையானுக்கு வெச்ச வேட்டு. நடுவுல நாம போய் தலையைக் கொடுக்கறோம்.

எல்லாருக்கும் இது வராது. அந்தக் கடை அண்ணன் இருபது வருஷமா அதே தூள்லதான் புழங்குறார், ஒரு தடிப்பு கிடையாது. ஒருத்தருக்கு வர்றதும் முதல் நாளே வந்துடாது. தூள் தோல் வழியா உள்ளே போகும். உடம்போட செக்யூரிட்டி ஆளுங்க அதைப் பார்த்து "இவன் எதிரி"ன்னு மனசுல குறிச்சு வெச்சுக்குவாங்க. அதுக்குக் குறைஞ்சது ஒன்றரை, ரெண்டு வாரம் ஆகும். சிலருக்கு வருஷக் கணக்குலகூட ஆகலாம். ஒரு தடவை குறிச்சுக்கிட்டா முடிஞ்சுது கதை. அடுத்த முறை துளித் தூள் பட்டாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல கலாட்டா ஆரம்பிச்சிடும். அந்த ஞாபகம் பெரும்பாலும் ஆயுசுக்கும் அழியாது. "பழகினா சரியாயிடும் தம்பி"ன்னு வொர்க்ஷாப்ல யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. பழகப் பழக மோசமாகிற சமாச்சாரம் இது.

இதுக்கு ஒரு பெரிய ஃப்ளாஷ்பேக் உண்டு. 1960-கள்ல ஈட்டி மரம் கிடைக்காம, அதுக்குப் பதிலா தென்னமெரிக்காவுல இருந்து பாவ் ஃபெர்ரோன்னு ஒரு மரத்தை பிரிட்டன்ல இறக்கினாங்க. இழைச்ச தொழிலாளிங்களுக்கு கூட்டம் கூட்டமா முகமும் கையும் வெந்து போச்சு. அந்த மரத்துல இருக்கிறது இன்னும் காரமான டால்பெர்ஜியோன். பாடம் படிச்சாச்சுன்னுதானே நினைப்போம்? அழியற மரங்களைக் காப்பாத்தற சைட்ஸ் ஒப்பந்தத்துல, 2017 ஜனவரி 2 முதல் ஈட்டி வகையறா மொத்தத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. கிடார் கம்பெனிகள் மாற்று மரம் தேடினாங்க. ஃபெண்டர் தன்னோட மெக்ஸிகோ கிடார்களுக்கு எதைத் தேர்ந்தெடுத்தது தெரியுமா? அதே பாவ் ஃபெர்ரோ! (2019 கடைசியில, செஞ்சு முடிச்ச இசைக்கருவிகளுக்கு அந்தக் கட்டுப்பாட்டுல இருந்து விலக்கு கொடுத்தாங்க.) காட்டைக் காப்பாத்தற சட்டம் நல்ல சட்டம்தான். ஆனா பட்டறையில உட்கார்ந்து இழைக்கிறவன் தோலைப் பத்தி அந்தப் பேச்சுல யாரும் மூச்சு விட்ட மாதிரி தெரியலை.

வாத்திய மரத்துக்கும் நம்ம ஏரியாவுக்கும் இன்னொரு சொந்தம் இருக்கு. ஹார்பர்ல அடிக்கடி செம்மரக் கட்டை பிடிபடுதுன்னு பேப்பர்ல படிக்கிறீங்களே, அந்தச் செம்மரத்துலதான் ஜப்பான்காரங்க ஷாமிசென்ங்கற அவங்க நரம்பு வாத்தியத்துக்குக் கழுத்து செய்யறாங்க. சேஷாசலம் மலையில முளைச்ச மரம், டோக்கியோவுல பாடுது.

"என்கிட்ட சொந்தமா கிடார் இருக்கே, தூக்கிப் போட்டுடவா?"ன்னு பதறாதீங்க. வார்னிஷ் அடிச்சு முடிச்ச வாத்தியத்தால பிரச்னை வர்றது அபூர்வம். ரோஸ்வுட் குடும்பத்து மரத்துல செஞ்ச ரெக்கார்டர் குழலை ஊதி உதடு வெந்தவங்க, வயலின்ல தாடை வைக்கிற கட்டை பட்டு கழுத்துல படை வந்தவங்க உண்டு. நம்ம கர்நாடக வயலின்காரங்க அதுல தப்பிச்சாங்க. கீழே உட்கார்ந்து காலுக்கும் தோளுக்கும் நடுவுல வெச்சு வாசிக்கிறதால தாடைக்கு வேலையே இல்லை. கிடார் வாசிச்சு இடது கை விரல் நுனி மட்டும் வெடிச்சா, மரத்தைவிட கம்பியில இருக்கிற நிக்கல் மேலதான் முதல் சந்தேகம் வரணும்.

நம்மாளு நடுவுல பண்ண பெரிய தப்பை இப்ப சொல்றேன். நேரா மெடிக்கல் ஷாப்புக்குப் போய் "அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்கண்ணா"ன்னு கேட்டு வாங்கினான். மூணே நாள்ல மாயம். நிறுத்தினா ரெண்டு மடங்கா திரும்பி வந்தது. அந்த டியூப்ல இருந்தது ஸ்டீராய்டு. இமை மாதிரி மெல்லிசான தோல்ல அதை இஷ்டத்துக்குத் தடவினா தோல் இன்னும் மெலிஞ்சு ரத்த நாளம் தெரிய ஆரம்பிக்கும், கண்ணுக்குள்ளே பிரஷர்கூட ஏறலாம். 2018-லயே மத்திய அரசு இந்த ஸ்டீராய்டு க்ரீம்கள்ல பலதை, டாக்டர் சீட்டு இருந்தாத்தான் விற்கணும்ங்கிற பட்டியல்ல சேர்த்திடுச்சு. சட்டம் பேப்பர்ல இருக்கு, டியூப் கவுன்ட்டர்ல இருக்கு.

கடைசியில ஒரு தோல் டாக்டர்தான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்: "சாயங்காலம் என்னப்பா வேலை செய்யறே?" முதுகுல குட்டிக் குட்டி அலுமினிய வில்லைகள்ல மருந்து வெச்சு ஒட்டினாங்க. பேட்ச் டெஸ்ட். ரெண்டு நாள் கழிச்சுப் பிரிச்சு ஒரு தடவை, அப்புறம் ரெண்டு நாள் விட்டு இன்னொரு தடவை பார்ப்பாங்க. அதுவரைக்கும் முதுகு நனையக்கூடாது, வேர்க்கவும் கூடாது. சென்னையில! மே மாசம்! வழக்கமான டெஸ்ட் செட்ல ரோஸ்வுட் இருக்காது. அதனால நீங்க எந்த மரத்தை இழைச்சீங்கன்னு பேரைச் சொல்லணும், கொஞ்சம் தூளை கவர்ல போட்டு எடுத்துட்டுப் போகணும். ஆனா அந்தத் தூளை நீங்களே கையில கட்டி டெஸ்ட் பண்ணிப் பார்க்காதீங்க, அதுவே அலர்ஜியைக் கிளப்பிவிட்டுடும். வடசென்னைக்காரங்களுக்கு பழைய ஜெயில் ரோடு ஸ்டான்லியில தோல் பிரிவு இருக்கு. உங்க பாட்டிகிட்ட கேட்டா கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னு சொல்வாங்க.

பட்டறையில வேலை பார்க்கிறவங்க, கார்பென்டரி கத்துக்கிறவங்க கவனிங்க. கொரோனா காலத்து என்-95 மாஸ்க் பீரோவுல தூங்குதுல்ல, அதை எடுத்து மாட்டுங்க. தூள் மூக்குக்கும் ஆகாது. மரத்தூளை 1995-லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோய் வரவழைக்கும்னு உறுதியான பட்டியல்ல வெச்சிடுச்சு. துடைப்பத்தால பெருக்கிப் பறக்க விடாம ஈரத்துணியால துடைங்க. வேலை முடிஞ்ச உடனே குளியல், அந்தச் சட்டையைத் தனியா துவைக்கணும். சுத்துற மெஷின் முன்னாடி மட்டும் கையுறை போடாதீங்க. அரிப்பு போய் விரல் போயிடும்.

நம்மாளுக்கு ரிசல்ட் பாசிட்டிவ். ஈட்டியை இனிமே தொடக்கூடாது. ரெண்டு நாள் யார்கூடவும் பேசலை. கிடார் செய்யக் கத்துக்கிட்டு சொந்தக் கடை போடணும்னு பெரிய கனவு வெச்சிருந்தவன். அந்த அண்ணன்தான் கூப்பிட்டு, "பிக்கப்பும் வயரிங்கும் நீ பாரு, மரத்தை நான் பார்த்துக்கறேன்"னு சாலிடரிங் அயனைக் கையில கொடுத்தார். இழைக்கிற பெஞ்சை வெளி வராண்டாவுக்கு மாத்திட்டாங்க. போன வாரம் நான் போனப்போ பழைய எலக்ட்ரிக் கிடார் ஒண்ணைப் பிரிச்சுப் போட்டு உட்கார்ந்திருந்தான். இமை நார்மல். "சாலிடர் புகைக்கு அலர்ஜி வருமா மச்சான்?"னு கேட்டான். அதுல இருக்கிற ரோசினுக்கு வரலாம்னு சொன்னேன். ஃபேனைத் திருப்பி வெச்சுக்கிட்டான்.