எழுதுபொருட் சிக்கனம்

கல்வி கற்பார்க்குக் கருவிகள் இன்றியமையாதன. ஏடும் எழுத்தாணியும், சிலேட்டும் பலப்பமும், நோட்டும் பேனாவும் எனக் காலந்தோறும் அவை உருமாறி வந்துள்ளன. அவற்றுள் எதனைப் புதிதாக வாங்குவது, எதனைப் போற்றி வைத்துக்கொள்வது என்பது அற்ப விஷயம்போலத் தோன்றினும், ஆராயுங்கால் நம் அறிவையும் பண்பையும் ஒருங்கே சோதிப்பதொன்றாம்.

கல்லூரி திறக்கும் காலத்தில், ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தவை’ என்னும் முத்திரையோடு பல பொருள்கள் கடைகளில் வந்து குவிகின்றன. செய்தித்தாளைச் சுருட்டிச் செய்த பென்சில், விதை பொதிந்த பேனா, மறுசுழற்சிக் காகித நோட்டு, பருத்திப் பை முதலியன அவை. இவற்றைச் செய்வோரிற் பலர் நன்னோக்கம் உடையர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், உழைக்கக்கூடிய பை ஒன்று வீட்டில் இருக்கப் பசுமையின் பெயரால் மற்றொன்று வாங்குதல் பசுமைக்குத் துணை செய்யுமோ? செய்யாது என்பதே நம் கருத்து.

காரணம் யாதெனில், எப்பொருளும் நிலத்துக்கும் நீருக்கும் கடன்பட்டே பிறக்கின்றது. நெடுநாள் உழைத்தே அக்கடனைத் தீர்த்தல் வேண்டும். டென்மார்க்கு நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை 2018ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டது. கடைகளில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு ஒப்பிடுங்கால், வெப்பநிலைக் கேட்டை மட்டும் கருதினாலும் சாதாரணப் பருத்திப் பையை 52 முறையும், இரசாயன உரமின்றி விளைந்த பருத்தியாலான பையை 149 முறையும் பயன்படுத்தினாலன்றி அவை மேம்பட்டன ஆகா என்பது அதன் முடிவு. தெருவிலும் கடலிலும் சிதறும் குப்பையின் தீங்கு அக்கணக்கிற் சேராமையால், பிளாஸ்டிக்கைப் போற்ற இஃது இடந்தராது. வாங்கிய துணிப்பையைக் கிழியுமளவும் பயன்படுத்துக என்பதே இதனால் நாம் கொள்ளத்தக்க பாடம்.

காகிதமும் அத்தன்மைத்தே. கரூரை அடுத்த காகிதபுரத்து ஆலையிற் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கின்றனர். மரத்தைக் காக்கும் அம்முயற்சி பாராட்டத்தக்கது. எனினும், சக்கையைக் கூழாக்க நீரும் வெப்பமும் வேண்டும். பழங்காகிதத்தை மீண்டும் கூழாக்குந்தோறும் அதன் இழைகள் குறுகி வலுவிழக்கின்றன. சென்ற ஆண்டு நோட்டில் எஞ்சிய வெற்றுத்தாளுக்கோ ஊசியும் நூலும் போதும்.

இக்கொள்கை நமக்குப் புதிதன்று. சென்னையில் ஆண் அநாதைகள் விடுதியின் தலைமையை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பள்ளியொன்றிற் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயிலக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வாயிலாக ‘மதராஸ் முறை’ அயல்நாட்டிலும் பரவிற்று. எழுதுவதும் அழிப்பதும் மீண்டும் எழுதுவதுமாய் ஒரே மணல் பல தலைமுறைக்கு உதவிற்று.

பசுமைப் பொருளை எவரும் வாங்காவிடின் அதனைச் செய்வார் எங்ஙனம் வாழ்வர் எனச் சிலர் வினவலாம். தேய்ந்தழியும் பென்சிலையும் எழுதித் தீரும் நோட்டையும் வாங்கியே ஆகவேண்டும். அப்போது அவர்தம் பொருளையே தேர்க. தேவை பிறந்தபின் வாங்குதல் ஆதரவு. வாங்குதற்காகவே தேவையைப் பிறப்பித்தல் ஆடம்பரம்.

இதனினும் பெரியதொன்றுண்டு. அண்ணன் பயின்ற நூலையும், தைத்த பையையும் கொண்டு வரும் ஏழை மாணவனை நகைக்கின்றோம். பொருளுடைமையாற் புதியன வாங்குவானைப் பசுமைக் காவலன் எனப் புகழ்கின்றோம். இஃது அறமாமோ? ஆண்டு முழுதும் குறைவாய்ச் செலவிட்டு உலகுக்கு உண்மையில் உதவியவன் முன்னவனே. மறுபயன் வறியார்க்கு இடும் பிச்சையாக நில்லாது அனைவர்க்கும் பொது வழக்கமாகுமாயின், அந்நகைப்புக்கு இடமிராது.

ஆதலின், ஆண்டிறுதியில் வெற்றுத்தாள்களைத் திரட்டித் தைத்தலும், பாடநூல்களையும் ஆய்வுக்கூட மேலங்கிகளையும் கணிப்பான்களையும் அடுத்த வகுப்பார்க்கு வழங்கும் பொதுப் பண்டகசாலை ஒன்றை நிறுவுதலும் மாணவர் சங்கத்தின் கடமையாகுக. கருத்தரங்குதோறும் வருவோர்க்கெல்லாம் புதுப்பையும் பேனாவும் அளிக்கும் வழக்கத்தை ஆசிரியப் பெருமக்கள் நிறுத்துவாராக. பழைய மாணவர், புதுப்பொருள் வாங்கித் தரும் அன்பினை அப்பண்டகசாலையின்பால் திருப்புவாராக. இருப்பதைப் போற்றுவோம், இல்லாததை மட்டுமே வாங்குவோம்.