சங்கத்தின் மாடியில் சமையற்கூடம்

கூட்டுறவுச் சங்கங்களின் சொந்தக் கட்டடங்களில் மாடி காலியாகக் கிடப்பதும், ஹோட்டல் நடத்த விரும்புவோர் அதனை வாடகைக்குக் கேட்டு வருவதும் இந்நாளில் சாதாரணமாகிவிட்டன. அவனியாபுரம் போன்ற ஊர்களில் இது வியப்பன்று. 2011ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட அவ்வூருக்கு அண்மையில் விமான நிலையம் இருக்கிறது, போக்குவரத்துக்குக் குறைவில்லை. தைத் திங்கள் முதல் நாளன்று ஜல்லிக்கட்டுக்குத் திரளும் கூட்டத்தை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுவோரும் உண்டு. (அக்கூட்டம் ஆண்டில் ஒரு நாள் கூட்டம் என்பதை அவர்களுக்கு யாரேனும் சொல்ல வேண்டும்.)

இத்தகைய கட்டடங்களில் பொதுவாகக் காணும் அமைப்பு அங்கத்தினர்கள் அறிந்ததே. கீழ்த்தளத்தில் நூல் கிட்டங்கியும் ஜவுளி விற்பனை நிலையமும் இருக்கும். பக்கத்து அறையில் விவசாய அங்கத்தினர்களின் சரக்கு வந்து இறங்கும். மாடிக்கு ஏற ஒரே படிக்கட்டு. மின்சார மானி, தண்ணீர்த் தொட்டி, வாயில் எல்லாம் பொது. இந்நிலையில் மாடியை ஹோட்டலுக்கு விடலாமா என்ற பிரச்னை எழும்பொழுது, நிர்வாகக் குழுவினர் பெரும்பாலும் கூறும் விடை, “திட்டக் குழுமம் அனுமதித்தால் நமக்கென்ன தடை?” என்பதே. இந்த விடை போதாது என்பது நமது கருத்து.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர ஊரமைப்புச் சட்டம், புதிதாகக் கட்டுவதை மட்டுமன்றி, இருக்கும் கட்டடத்தின் பயன்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதையும் வளர்ச்சிப் பணி என்றே கொள்கிறது. அதற்கும் முன் அனுமதி வேண்டும். அந்த இடம் எந்த உபயோகப் பகுதியில் இருக்கிறது, படிக்கட்டின் அகலம் என்ன, சுற்றிலும் விட வேண்டிய இடம் விடப்பட்டிருக்கிறதா, வண்டிகள் நிற்க வசதி உண்டா என்பனவற்றை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது குழுமத்தின் வேலை. அந்த வேலையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் குழுமத்தின் மேஜைக்குப் போவது வரைபடம். வரைபடத்தில் கிட்டங்கி ஒரு கட்டம், சமையலறை ஒரு கட்டம். கட்டத்தினுள் அடுக்கியிருப்பது இரும்பா, பருத்தி நூலா என்று வரைபடம் சொல்லாது. ஒரே கட்டடத்தினுள் பயன்பாடு மாறும்போது பக்கத்து அறையில் இருப்பவரை அழைத்துக் கேட்கும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை.

நூலின் குணத்தை நெசவாளர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அது புகையை இழுக்கும், வறுவல் மணத்தை இழுக்கும், ஈரத்தை இழுக்கும். மசாலா மணம் ஏறிய சுங்கடிச் சேலையை எந்த வாடிக்கைக்காரர் வாங்குவார்? இவையெல்லாம் நஷ்டக் கணக்கில் அடங்கும் தொல்லைகள். தீ அப்படிப்பட்டதன்று. ஹோட்டல்களில் பயன்படும் எரிவாயு உருளையில் 19 கிலோ திரவம் இருக்கிறது. அது கசிந்து ஆவியானால் ஏறத்தாழ 250 மடங்காகப் பெருகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. ஆதலின் மேலே போகாமல் தாழ்வான இடத்தை நாடி இறங்கும். மாடிச் சமையலறையில் கசியும் வாயு, படிக்கட்டு வழியே இறங்கிக் கீழே நூல் மூட்டைகளுக்கிடையே தங்கக்கூடும் என்பதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். புகைபோக்கிக் குழாயினுள் நாளடைவில் படியும் எண்ணெய்ப் பிசுக்கும் தீப்பிடிக்கும். எரியும் எண்ணெயின்மேல் பதற்றத்தில் தண்ணீரை ஊற்றினால் தீ நாற்புறமும் தெறிக்கும்.

இதை அளவுக்கு மீறிய அச்சம் என்போர் நம் நாட்டில் நடந்தவற்றை நினைவிற்கொள்ள வேண்டும். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்துவந்தன. சத்துணவு சமைத்த அடுப்பின் தீ கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். அந்தச் சமையலறை வாடகைக்கு விட்டதன்று, இலாபத்திற்கு நடத்தியதுமன்று. குழந்தைகளுக்குச் சோறிடும் நற்காரியமே அங்கு நடந்தது. அடுப்பு இருந்த இடம்தான் தவறு.

பம்பாயில் கமலா மில்ஸ் என்னும் இடம் ஒரு காலத்தில் நெசவாலை. ஆலைகள் ஓய்ந்த பின் அவ்வளாகத்தில் அலுவலகங்களும் உணவு விடுதிகளும் புகுந்தன. 2017ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், நள்ளிரவுக்குப் பின், மொட்டைமாடி விடுதிகளில் பற்றிய தீயில் 14 பேர் இறந்தனர். எளிதில் எரியும் மேற்கூரை. வெளியேறும் வழி அறியாத விருந்தினர். குளியலறைக்குள் ஒதுங்கிப் புகையில் மூச்சுத் திணறியவர் பலர். நெசவுத் தொழில் விட்டுப்போன கட்டடத்திலேயே இவ்வாறு நேர்ந்ததென்றால், தொழில் நடந்துகொண்டிருக்கும் கட்டடத்தின் நிலைமையைச் சொல்ல வேண்டுமோ?

நம் மதுரையிலேயே 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் இரவு மீனாட்சி அம்மன் கோயிலில் கடைகளில் தீப்பிடித்து, வீரவசந்தராயர் மண்டபம் சேதமுற்றது. அதன் பின்னரே கோயிலினுள் கடைகள் கூடாது என்ற முடிவு உறுதிப்பட்டது. எரிந்த கடைகளின் சரக்கை மறுபடி வாங்கிவிடலாம். பிளந்த கற்றூண்களுக்கு ஈடாகக் கல் தேடி மண்டபத்தைச் சீர்படுத்துவது ஆண்டுக்கணக்கில் நீண்ட வேலையாயிற்று.

மறுபக்கத்து வாதத்தையும் கேட்பது நியாயம். ஹோட்டல் வந்தால் வாழையிலை, கீரை, கத்தரி, தேங்காய் ஆகியவற்றுக்கு வாசலிலேயே கிராக்கி உண்டாகும் என்று விவசாய அங்கத்தினர்கள் கூறுகின்றனர். இது மெய்யே. தரகு இல்லாமல் அன்றாடம் விற்கும் சரக்கின் அருமை அவர்களுக்குத்தான் தெரியும். வாடகை வரவும் அற்பமானதன்று. தள்ளுபடி மானியம் எப்பொழுது வருமென்று காத்திருக்கும் நெசவாளர் சங்கத்திற்கு மாதந்தோறும் கைக்கு வரும் ரொக்கம் பேருதவி. உணவுச்சாலை கூட்டுறவுக்கு அந்நியமான தொழிலும் அன்று. காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடத் தொடங்கியபோது வேலையிழந்த தொழிலாளர்கள், ஏ. கே. கோபாலன் போன்றோரின் துணையுடன் 1957இல் பெங்களூரிலும் 1958இல் திருச்சூரிலும் சங்கம் அமைத்து, இந்தியன் காபி ஹவுஸைத் தாங்களே நடத்தினர்; அது இன்றும் நடக்கிறது. ஆதலின் ஹோட்டலே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. எங்கே, எவ்வாறு என்பதே கேள்வி.

எச்சிலிலை, கழிவு எண்ணெய், பாத்திரம் கழுவும் நீர் இவற்றையும் ஒரு சொல் சொல்லிவிடுகிறோம். மதுரை நகரின் குப்பை வெள்ளைக்கல்லுக்குச் செல்வதையும், கழிவுநீர் அவனியாபுரத்தின் பக்கம் வருவதையும் அவ்வூரார் நெடுங்காலமாகச் சகித்து வருகின்றனர். சங்கத்தின் முற்றத்தில் இன்னொரு சிறு வெள்ளைக்கல் வேண்டாம்.

நமது முடிவு இதுவே. நூலும் துணியும் இருக்கும் கட்டடத்தின் மாடியில், ஒரே படிக்கட்டுடன், சமையற்கூடம் வைக்க எவ்வளவு வாடகை தந்தாலும் இசையக் கூடாது. தனி வாயிலும், கிட்டங்கியுடன் சேராத தனிச் சுவரும், உருளைகளைக் கட்டடத்திற்கு வெளியே காற்றோட்டமாக வைக்க இடமும் கீழ்த்தளத்தில் அமையுமானால் ஆலோசிக்கலாம். அப்பொழுதும் மின் இணைப்பு தனியாக இருத்தல் வேண்டும். சமையலை வேறிடத்தில் நடத்தி, இங்கே பரிமாறுவது மட்டும் என்ற ஏற்பாட்டுக்கு ஹோட்டல்காரர் இசைவாரானால் அது இன்னும் நல்லது, இசைபவர் சிலரே.

இதைச் சொல்ல வேண்டிய இடம் திட்டக் குழுமம் அன்று, சங்கத்தின் பொதுப்பேரவை. கட்டடத்தின் உரிமையாளர் சங்கம். உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் மனு நகராது. தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டு, மனு குழுமத்திற்குப் போய், அனுமதியும் வந்த பின்னர் கூக்குரலிடுவதால் பயன் மிகக் குறைவு. எனவே வாடகைப் பிரஸ்தாபம் நிகழ்ச்சி நிரலில் வந்த அன்றே, வரைபடத்தைப் பேரவையின் முன் விரித்துக் காட்டும்படி அங்கத்தினர்கள் கேட்க வேண்டும். கிட்டங்கியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதை வரைபடத்திலேயே எழுதச் செய்ய வேண்டும். தீயணைப்புத் துறையின் கருத்தும், உணவுப் பாதுகாப்பு உரிமமும், சரக்குக்கான தீக் காப்பீடு ஹோட்டல் வந்த பின்னும் செல்லுமா என்பதற்குக் காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்து மூலமான பதிலும் கையில் கிடைக்கும் வரை தீர்மானத்தை ஒத்திவைக்கலாம். இந்த மூன்றாவது கடிதத்தைக் கேட்டவுடனேயே பல வாடகைப் பேச்சுகள் தாமாக நின்றுவிடுவதை நாம் தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் கண்டிருக்கிறோம்.