தராசுக்கு உள்ள அவசரம் மண்ணுக்கு இல்லை

"துல்லிய விவசாயம்" என்ற பேச்சு இப்போது தோட்டங்களிலும் அடிபடுகிறது. மண்ணைப் பரிசோதித்து மலைக்கு மலை தேவையான உரத்தை மட்டும் போடுவது, ட்ரோனைப் பறக்கவிட்டு நோய் கண்ட இடத்தைக் கண்டுபிடிப்பது, கொழுந்தை டிஜிட்டல் தராசில் நிறுத்து ஆளுக்கு ஆள் கணக்கு வைப்பது எல்லாம் இதற்குள் அடங்கும். ஆனால் இவற்றில் நம் பெண்கள் முதலில் கண்டது எது? தராசுதான்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தராசு வைத்த மாதமே நிர்வாகத்துக்குப் பலன் தெரியும். மண்ணில் போட்ட காசு அப்படித் திரும்பாது. கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கினால், மண்ணைத் தேற்ற மாணா அல்லது குவாத்தமாலா புல் நட்டு ஒன்றரை, இரண்டு வருடம் விட வேண்டும். பிறகு கன்று நட்டு, ஒழுங்காகக் கொழுந்து எடுக்க இன்னும் சில வருடம் போகும். 1992 இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகளுக்குக் கிடைத்தது 53 வருடக் குத்தகை. அது 2045 இல் முடிகிறது. முடியப்போகும் குத்தகைக் காணியில் யார் மனமுவந்து மண்ணுக்குச் செலவழிப்பார்கள்? வருடம் குறையக் குறைய இந்தத் தயக்கம் கூடத்தான் செய்யும்.

2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியபோது நடந்தது நமக்கு மறக்கவில்லை. எந்த மலைக்கு எவ்வளவு தேவை என்ற மண் கணக்கைக் கையில் வைத்திருந்த தோட்டம், மிச்சமிருந்த உரத்தை எங்கே போடுவது என்றாவது தீர்மானித்திருக்கும். இதற்கு ட்ரோன்கூடத் தேவையில்லை. மண் மாதிரியைப் பரிசோதித்து உரச் சிபாரிசு செய்வது தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் புதிய வேலையும் அல்ல.

தராசுக்கு வருவோம். அதை நாம் எதிர்க்கத் தேவையில்லை. படங்குக்கு, ஈரத்துக்கு, முற்றின இலைக்கு என்று கிலோ கிலோவாகக் கழித்த கதை எல்லா லயத்திலும் உண்டு. நாளுக்கு 2 கிலோ கழித்தால் 25 நாளில் 50 கிலோ. நேர்மையாக வைத்தால் டிஜிட்டல் தராசு இந்தக் கழிவை ஒழிக்கும். ஆனால் கழிவையே இயந்திரத்துக்குள் முன்கூட்டிப் பதிந்துவிட்டால், முன்பு கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நின்ற அக்காமார் இனி யாரோடு சண்டை பிடிப்பது?

அதைவிடப் பெரிய விஷயம் தராசு சேர்க்கும் தகவல். யார், எந்த மலையில், எத்தனை கிலோ என்ற கணக்கு நிர்வாகத்திடம் மட்டும் இருந்தால், அது அரைப்பேர் போடத்தான் உதவும். அதே கணக்கை மலைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். கவ்வாத்துக்குக் காத்திருக்கும் மலை, செடி செத்து இடைவெளி விழுந்த மலை, புல் மண்டிய மலை. இங்கெல்லாம் கைராசிக்காரியே போனாலும் கிலோ விழாது என்று அது பட்டவர்த்தனமாகக் காட்டும். அப்படியானால் எல்லா மலைக்கும் ஒரே 18 கிலோ, 20 கிலோ என்பது எந்த விஞ்ஞானம்? மண்ணுக்கு மலைக்கு மலை வித்தியாசம் பார்க்கச் சொல்லும் துல்லியம், ஆளுக்கு வரும்போது மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறது?

2021 இல் சம்பள நிர்ணய சபை ஊடாக 1000 ரூபா வந்தபோது கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. அதோடு கிலோ அளவைப் பேசித் தீர்க்கும் மேசையும் போனது. அந்த மேசை திரும்ப வரும்வரை தோட்ட மட்டத்திலாவது சில விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும். நிறுத்த உடனே கழிவு எவ்வளவு என்பதும் அச்சான துண்டு கொழுந்து எடுத்தவர் கையில் கிடைக்க வேண்டும். தராசில் செல்லுபடியாகும் முத்திரை இருக்க வேண்டும். ட்ரோனால் மருந்தடிக்கும் நாளை லயத்துக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பீலித் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு மேலே அது பறக்கவே கூடாது.

தராசு வந்துவிட்ட தோட்டங்களில், அடுத்த முறை துரையைச் சந்திக்கப் போகும் கமிட்டித் தலைவர்கள் போன 12 மாதத்துக்கான மலைவாரிக் கொழுந்துக் கணக்கை எழுத்தில் கேட்கட்டும். ஆள் பெயர் வேண்டாம், மலை நம்பரும் கிலோவும் போதும்.