கடாரம் கொண்டோம், அப்புறம்?

போன வருடம் ஒரு தமிழ் நிகழ்ச்சி. "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணை ஆண்டவர்கள் நாம்!" என்று பேச்சாளர் முழங்கினார். அரங்கம் கைதட்டியது. நானும்தான் தட்டினேன். தேநீர் நேரத்தில் அவரிடம் போய், "ஐயா, லெம்பா பூஜாங் போயிருக்கீங்களா?" என்று கேட்டேன். "போகணும் தம்பி, டைம் கிடைக்கல" என்றார். அவர் வீடு சுங்கை பட்டாணியில். மெர்போக் அருங்காட்சியகம் அங்கிருந்து காரில் அரை மணி நேரம்.

நான் சண்டை போட வந்தது அவரோடு அல்ல. கைதட்டிய நம்மோடு.

1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களைத் தாக்கியது. அவற்றில் கடாரமும் ஒன்று. அதில் சந்தேகமில்லை, மெய்க்கீர்த்தியே சொல்கிறது. ஆனால் தாக்கியது வேறு, ஆண்டது வேறு. பிறகு வீரராஜேந்திரன் காலத்திலும் சோழர் படை கடாரத்துக்கு வந்தது. வென்ற நாட்டை அதன் மன்னனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டதாக அவனுடைய கல்வெட்டே சொல்கிறது. சோழனே சொல்லாததை நாம் ஏன் மேடையில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

இதைவிடச் சுவையான ஒரு கதை நம்மிடம் இருக்கிறது. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. ராஜேந்திரனின் படையெடுப்புக்கு ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன், ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட மன்னர் குலம் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை கட்டியது. சூடாமணி விகாரை. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தவன் ராஜராஜன், ராஜேந்திரனின் அப்பா. லெய்டன் செப்பேடுகளில் இது எழுதப்பட்டிருக்கிறது. அதாவது, சோழர் இங்கே படையோடு வருவதற்கு முன்பே கடாரத்துக்காரர்கள் அங்கே கோயில் கட்டிவிட்டார்கள். மகன் அடித்ததை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம். அப்பா கொடுத்தது மறந்துவிட்டது.

சரி, பூஜாங் பள்ளத்தாக்குக் கோயில்களாவது 'நம்முடையவை' தானா? புக்கிட் பத்து பஹாட் சண்டியின் முன்னால் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். கருவறை, முன்மண்டபம் என்ற அமைப்பு நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் கல் கோபுரம் இல்லை. மண்டபத்தில் இருப்பவை குழி வெட்டிய கல் பீடங்கள். அந்தக் குழிகளில் மரத்தூண் நின்றிருக்கிறது. மேலே மரமும் கூரையும் இருந்து மக்கிப் போயிருக்கின்றன. மழை கொட்டும் இந்த ஊரில் காலங்காலமாக வீடு கட்டத் தெரிந்த கைகள், கடல் தாண்டி வந்த ஒரு கருத்தைத் தங்கள் வழியில் கட்டியிருக்கின்றன. கட்டுமானத் துறையில் இருப்பவனாகச் சொல்கிறேன், எனக்கு இது தஞ்சாவூரின் நகலாக இருப்பதைவிடப் பெரிய அதிசயம்.

இதை இந்தியக் குடியேறிகளின் வேலை என்று முதலில் பெரிதாக எழுதியவர் குவாரிச் வேல்ஸ். 1930களில் தன் மனைவி டோரதியோடு இங்கே அகழாய்வு செய்த ஆங்கிலேயர். உள்ளூர் மக்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது, வெளியிலிருந்து யாரோ வந்து கொடுத்திருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து நினைப்பு. அந்தக் காலனியச் சட்டையைத்தான் நாம் துவைத்துப் போட்டுக்கொண்டு 'தமிழ்ப் பெருமை' என்கிறோம். இந்த நாட்டில் நாமே 'வந்தவர்கள்' என்ற சொல்லால் எவ்வளவு காயப்பட்டிருக்கிறோம்! அதே கையால் இன்னொருவரின் மூதாதையரைக் கைவேலை தெரியாதவர்களாக்கலாமா?

உடனே ஒரு பதில் வரும். "அவங்க மறைக்கிறாங்க. இஸ்லாத்துக்கு முந்தைய வரலாறுன்னா அவங்களுக்குப் பிடிக்காது." இதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் பள்ளியில் படித்தபோது மலாக்காவுக்கு முந்தைய காலம் சில பக்கங்களில் முடிந்துபோனது. 2013இல் 11ஆம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது இடித்துத் தள்ளப்பட்டது. தனியார் நிலம், அரசிதழில் அறிவிக்கப்படாத இடம் என்று காரணம் வந்தது. கோபப்பட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் இந்தக் கோயில்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர் நிக் ஹசான் சுஹைமி. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளையும் காற்று ஊதும் மண் குழாய்களையும் தோண்டி எடுத்தது மொக்தார் சைடின் தலைமையிலான மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு. அந்த இடத்தின் காலத்தைக் கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னே தள்ளுவதில் அறிஞர்களிடையே சர்ச்சை உண்டு. பெருமை நோய் எல்லாருக்கும் வரும். ஆனாலும் அவர்கள் வெயிலில் குழிக்குள் இறங்கினார்கள். என் நட்பு வட்டத்தில் கடாரம் பற்றி வாட்ஸ்அப்பில் பகிராதவர்கள் இல்லை. தொல்லியல் படித்தவர் ஒருவர்கூட இல்லை.

நானும்தான் படிக்கவில்லை. எஸ்.டி.பி.எம். முடித்தபோது ஆசை இருந்தது. "கல்லைத் தோண்டினா சோறு கிடைக்குமாடா?" என்றார் அப்பா. பால்மரம் வெட்டிப் படிக்க வைத்தவரிடம் என்ன பதில் சொல்வது? சிவில் பொறியியல் எடுத்தேன். இன்றைக்கு மண்ணைத் தோண்டித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் தென் கெடாவில் ஒரு கட்டுமானத் தளம். முன்பு தோட்டமாக இருந்த நிலம். எக்ஸ்கவேட்டர் வாளியில் செங்கற்கள் வந்தன. நாம் புழங்கும் செங்கல்லைவிடத் தட்டை, அகலம் அதிகம். ஒரு வங்காளதேசத் தொழிலாளி ஒன்றைத் துடைத்து என்னிடம் நீட்டினார். மேலாளரைக் கேட்டேன். "எஸ்டேட் காலத்துப் புகைவீடா இருக்கும், அள்ளிப் போடு" என்றார். லோரி வந்தது. மதியத்துக்குள் இடம் சுத்தம்.

அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். பார்த்துச் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. பழம்பொருள் என்று கருதத் தக்க ஒன்றைக் கண்டெடுப்பவர் மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்று 2005 தேசிய மரபுடைமைச் சட்டம் சொல்கிறது. அதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. நான்கு வருடப் பட்டப்படிப்பில் யாரும் சொல்லவில்லை, நானும் தேடவில்லை. 11ஆம் எண் சண்டிக்காகக் கொதித்து நிலைத்தகவல் போட்டவன் நான். அந்த லோரிக்குக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

நாகப்பட்டினத்து விகாரையின் கடைசிக் கோபுரம் 1867இல், பிரிட்டிஷ் அரசின் அனுமதியோடு இடிக்கப்பட்டது. கடாரத்தான் அங்கே கட்டியதும் போயிற்று, இங்கே கட்டியதும் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை யாராவது மேடையில் கடாரத்தை வென்றால் கைதட்டாதீர்கள். எழுந்து, "எத்தனை தடவை போயிருக்கீங்க?" என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை தொல்லியல் படிக்கிறேன் என்றால், சோற்றுக் கணக்குப் பேசாமல் விண்ணப்பப் பாரத்தை எடுத்துக் கொடுங்கள். அடுத்த செங்கல் வாளியில் வரும்போது, அது என்னவென்று சொல்லத் தெரிந்த ஒருவராவது நம்மில் இருக்கட்டும்.